வாக்கிங் போன இடத்தில் நாய் காணாமல்போய்விட்டதா? முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம்!

தொடர் விடுமுறை வந்தால், ஊருக்குக் கிளம்பும் காரின் பின் சீட்டில் இப்போதெல்லாம் ஒரு டிக்கெட் கூடுதல். ஜன்னல் வழியே மூக்கை நீட்டிக்கொண்டு வரும் அந்த நாலு கால் செல்லத்துக்குத் தாத்தா ஊரும் புதுசு, ஏற்காடு, கொடைக்கானல் ஹோம் ஸ்டேயும் புதுசு. மறுநாள் காலையில் வயல் பக்கம் வாக்கிங் கூட்டிப் போகிறோம். "பாவம், அபார்ட்மென்ட்லயே அடைஞ்சு கிடக்கு. கொஞ்சம் ஓடட்டுமே" என்று சங்கிலியைக் கழற்றிவிடுகிறோம். பக்கத்து வரப்பில் ஒரு மயில் இறங்குகிறது. அவ்வளவுதான்... சோளக்காட்டுக்குள் வால் மறைவதுதான் கடைசியாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு நம்மில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடுவது. பத்து நிமிடத்தில் நாய் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம், கூட வந்த பிள்ளைகள் இன்னொரு பக்கம். நாய் திரும்பி வந்து பார்க்கும்போது அங்கே ஆளே இருக்காது. இப்படித்தான் பல நேரங்களில் பத்து நிமிட ஓட்டம் இரண்டு நாள் தேடலாக மாறுகிறது.

நாய் ஏன் ஓடுகிறது, எங்கே திரும்பி வரும், யாரிடம் கேட்டால் தெரியும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பதற்றத்திலும் சரியாகச் செயல்படலாம்.

துரத்தி ஓடியதா, பயந்து ஓடியதா?

முதலில் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டுக்கும் தேடும் முறை வேறு.

மயில், முயல், ஆடு, குரங்கு என எதையாவது பார்த்துத் துரத்தி ஓடும் நாய் உற்சாகத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் கூப்பிடுவது அதன் மண்டையில் ஏறாது. 2011-ல் லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் ஃபென்டன் என்ற லாப்ரடார், மான் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓட, பின்னாலேயே அதன் உரிமையாளர் கத்திக்கொண்டு ஓடிய வீடியோ உலகம் முழுக்க வைரலானது நினைவிருக்கலாம். சிரிப்பாக இருந்தாலும், நாய் வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை அது. நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் வேட்டைக்காகவே வளர்க்கப்பட்ட இனங்கள். அசையும் எதையும் கண்ணால் பிடித்துவிட்டால் கால் தானாக ஓடும். பீகிள் மாதிரி மோப்ப இனங்கள் மூக்கைத் தரையில் வைத்தபடியே வெகுதூரம் போய்விடும். ஆனால், இப்படி ஓடும் நாய்களில் பல, துரத்திய உயிரினம் கையில் சிக்காத பிறகு, "நம்மாளு எங்கே?" என்று தேடித் திரும்பும்.

பயந்து ஓடுவது வேறு கதை. கோயில் திருவிழா வேட்டு, இறுதி ஊர்வலத்தில் வெடிக்கும் சரவெடி, திடீர் இடி, தோட்டத்துக் காவல் நாய்கள் கூட்டமாக வந்து விரட்டுவது... இதிலெல்லாம் மிரண்டு ஓடும் நாய்க்கு அந்த இடமே ஆபத்தான இடமாகத் தெரியும். எங்கேயாவது புதருக்குள், பாலத்துக்கு அடியில், வைக்கோல்போருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்ளும். நீங்கள் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டாலும் சத்தம் காட்டாது. மிரட்சியின் உச்சத்தில் இருக்கும் சில நாய்கள், வளர்த்தவரைப் பார்த்தே ஓடுவதும் உண்டு. "என்னையே அடையாளம் தெரியலையே" என்று நொந்துகொள்ளத் தேவையில்லை. பயம் வடியும் வரை அதற்கு எல்லா மனிதர்களும் ஒன்றுதான்.

நாய்க்கு வழி தெரியுமா?

தெரியும், ஓரளவுக்கு. நம் மூக்கில் சுமார் 50 லட்சம் மோப்ப உணரிகள் என்றால் நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். தன் காலடித் தடத்தைத் தானே மோந்து பின்தொடர்வது அதற்குப் பெரிய விஷயமில்லை.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு, 2020-ல் வெளியானது. செக் குடியரசைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களுக்கு ஜி.பி.எஸ் காலர் மாட்டிக் காட்டுக்குள் ஓடவிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட ஓட்டங்கள் பதிவாயின. அவற்றில் சுமார் 60 சதவிகித ஓட்டங்களில் நாய்கள் போன வழியிலேயே திரும்பி வந்தன. மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்களில் முற்றிலும் புதிய வழியில், உரிமையாளரை நோக்கி வந்தன. அப்படிப் புதிய வழியைத் தேர்ந்தெடுத்த நாய்களில் பல, கிளம்பும் முன் வடக்கு-தெற்காகச் சுமார் 20 மீட்டர் ஓடிப் பார்த்தன. பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசையைச் சரிசெய்துகொள்கின்றன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இந்த ஆய்வில் நமக்கான பாடம் காந்தப்புலம்கூட இல்லை. நாய்கள் திரும்பியது உரிமையாளரைப் பிரிந்த இடத்தை நோக்கி. அங்கே ஆள் இருந்தால்தான் அந்தத் திறமைக்கு அர்த்தம்.

"நாய்தானே... எப்படியும் வீட்டுக்கு வந்துடும்" என்று அலட்சியமாக விடுவதும் தவறு. 1923-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் தொலைந்த பாபி என்ற நாய், ஆறு மாதங்கள் கழித்து ஓரிகான் மாநிலத்திலிருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட தூரம் சுமார் 4,000 கிலோமீட்டர். 100 ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பேசுகிறோம் என்றால், அப்படி நடப்பது எவ்வளவு அபூர்வம் என்று புரிந்துகொள்ளலாம். ஆய்வில் ஓடியவை காட்டில் பழகிய வேட்டை நாய்கள். லிஃப்ட்டில் இறங்கிப் பழகிய பக், ஷிட்சூவிடம் அதே திறமையை எதிர்பார்க்க முடியாது.

முதல் ஒரு மணி நேரம்... என்ன செய்யணும்?

*நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.* நாயைக் கடைசியாகப் பார்த்த இடத்தை விட்டு எல்லோரும் கிளம்பிவிடக் கூடாது. தனியாகப் போயிருந்தால் குறைந்தது அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். நான்கு பேர் போயிருந்தால் நாய்க்கு மிகவும் பிடித்த ஆள் அங்கே இருக்கட்டும், மற்றவர்கள் தேடட்டும். உடனே செல்போனில் கூகுள் மேப்பைத் திறந்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லா வரப்பும், எல்லா கருவேல மரமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

*கூப்பிட்டுவிட்டு, காது கொடுங்கள்.* ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தால் அதன் முனகலோ, சலங்கைச் சத்தமோ, வேலியில் மாட்டிக்கொண்டு எழுப்பும் குரலோ நமக்குக் கேட்காது. இரண்டு முறை கூப்பிடுங்கள், ஒரு நிமிடம் அமைதியாகக் கேளுங்கள். சாப்பாட்டுத் தட்டு அல்லது பிஸ்கட் டப்பா சத்தம், கார் கதவைச் சாத்தும் சத்தம் போன்ற பழகிய ஒலிகள் நன்றாக வேலை செய்யும்.

*குரலில் கோபம் வேண்டாம்.* "டேய்... இப்ப வர்றியா இல்லையா?" என்று அதட்டினால் வர நினைக்கும் நாயும் தயங்கும். வீட்டில் விளையாடக் கூப்பிடும் அதே குரல்தான் வேண்டும். கூட்டமாகச் சேர்ந்து ஆளாளுக்குக் கத்துவதும் வேண்டாம். தெரியாத பத்துக் குரல்கள் நடுவில் தெரிந்த ஒரு குரல் எடுபடாது.

*கிளம்பிய இடத்துக்கும் ஓர் ஆள்.* கார் நிறுத்திய இடம், தங்கியிருக்கும் வீடு, வாக்கிங் தொடங்கிய தெருமுனை ஆகியவற்றில் ஒருவர் இருக்க வேண்டும். வந்த வழியை மோப்பம் பிடித்து நாய் நேராக அங்கேயே போய் உட்கார்ந்திருப்பதும் அடிக்கடி நடக்கும்.

கண்ணில் பட்டுவிட்டது... துரத்தாதீங்க!

தூரத்தில் நாய் தெரிகிறது. மனசு துள்ளும், கால் ஓடத் துடிக்கும். அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். துரத்தி ஓடிய நாய்க்கு நீங்கள் பின்னால் ஓடுவது விளையாட்டு. மிரண்டு ஓடிய நாய்க்கு அது வேட்டை. இரண்டிலும் முடிவு ஒன்றுதான், இன்னும் தூரமாகப் போகும்.

உற்சாகத்தில் இருக்கும் நாய் என்றால் எதிர்த் திசையில் நீங்கள் ஓடுங்கள். "எங்கே போறாங்க?" என்று அது பின்னால் வரும். மிரண்டிருக்கும் நாய் என்றால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, மெதுவான குரலில் பேசுங்கள். பிடித்த தின்பண்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் போடுங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். நாய் பக்கத்தில் வந்ததும் பாய்ந்து பிடிக்கக் கூடாது. மோந்து பார்க்க விட்டு, தடவிக்கொடுத்து, பிறகு மெதுவாகப் பெல்ட்டில் விரலை நுழைத்துப் பிடியுங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதைச் சங்கிலியோடு கூட்டி வருவது நல்ல உத்தி. மனிதரைப் பார்த்து மிரளும் நாயும் தோழனைப் பார்த்தால் இறங்கி வரும். ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பயந்த நாய் வளர்த்தவரையே கடிக்கக்கூடும். அப்படிக் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, நம்ம நாய்தானே என்று இருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒரு மணி நேரம் தாண்டியும் வரவில்லையா?

அமெரிக்காவில் 1,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் நடத்தப்பட்டு 2012-ல் வெளியான ஓர் ஆய்வு ஆறுதலான ஒரு தகவலைச் சொல்கிறது. தொலைந்த நாய்களில் 93 சதவிகிதம் திரும்பக் கிடைத்தன. அதில் சரிபாதி, சுமார் 49 சதவிகிதம், அக்கம்பக்கத்தில் நடந்து தேடியதால் கிடைத்தவை. தானாகத் திரும்பி வந்தவை 20 சதவிகிதம். பெல்ட்டிலிருந்த அடையாள வில்லை அல்லது மைக்ரோசிப் மூலம் கிடைத்தவை 15 சதவிகிதம். நம் ஊர் நிலவரம் வேறாக இருக்கலாம். ஆனால், நடந்து தேடுவதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

கிராமத்தில் தேட ஒரு வழி இருக்கிறது. நாம் கண்ணால் தேடுவதைவிட, அங்கேயே நாள் முழுக்க இருப்பவர்களின் கண்ணை உதவிக்கு அழைக்க வேண்டும்.

* ஆடு, மாடு மேய்ப்பவர்கள்: முதலில் கேட்க வேண்டியது இவர்களைத்தான். புது நாய் ஒன்று காட்டுக்குள் நுழைந்தால் இவர்கள் கண்ணில் படாமல் போகாது. ஆட்டுக்கு ஆபத்து என்பதால் புது நாயை எப்போதும் கவனிப்பார்கள். "அண்ணே, அது ஆட்டைக் கடிக்காதுண்ணே, வீட்டு நாய். பார்த்தா கல்லெறிஞ்சுடாதீங்க, ஒரு போன் போடுங்க" என்று சொல்லி நம்பரைக் கொடுங்கள்.
* டீக்கடை, பால் சொசைட்டி: காலை, மாலை இரண்டு வேளையும் ஊரே வந்து போகும் இடங்கள். வாயால் சொல்வதோடு செல்போனில் படத்தைக் காட்டுங்கள். 'பீகிள்' என்று சொன்னால் புரியாது, "வெள்ளையும் செம்பட்டையும் கலந்தது, காது ரெண்டும் தொங்கும், முழங்கால் உயரம்" என்றால் புரியும்.
* நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், தோட்ட வேலைக்காரர்கள், மினி பஸ் கண்டக்டர்கள்: இவர்கள் வழியாகச் செய்தி பக்கத்து ஊர்களுக்கும் போய்விடும்.
* பள்ளிக்கூடப் பிள்ளைகள்: சைக்கிளில் சுற்றும் பிள்ளைகளைவிட நல்ல துப்பறிவாளர்கள் கிடையாது. ஆனால், "பார்த்தா பிடிக்காதீங்க, துரத்தாதீங்க, வந்து சொல்லுங்க" என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.
* கோயில் மைக்: ஊர்ப் பெரியவரிடமோ, பஞ்சாயத்திலோ கேட்டால் பல ஊர்களில் மைக்கில் ஓர் அறிவிப்புச் சொல்லிவிடுவார்கள்.

தேடும்போது பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளை ஒன்றுவிடாமல் எட்டிப் பாருங்கள். துரத்தி ஓடும் நாய்க்குத் தரையோடு தரையாக இருக்கும் கிணறு தெரியாது. உள்ளே விழுந்திருந்தால் நீங்களே இறங்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் அழைத்தால் வந்து மீட்பார்கள். அடுத்து பம்ப்செட் ரூம், கோழிப்பண்ணைக் கொட்டகை, பாலத்தடி, கம்பிவேலி ஓரம். பெல்ட் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும் நாய்கள் உண்டு. காட்டை ஒட்டிய தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்வேலி போடுவதும், தின்பண்டத்துக்குள் வெடியை மறைத்த அவுட்டுக்காய் வைப்பதும் சில இடங்களில் இன்னும் நடக்கிறது. தோட்டத்துக்காரரைக் கேட்காமல் வேலியைத் தாண்டாதீர்கள்.

மலைப் பகுதி என்றால் இன்னொரு எல்லை இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நாய் உள்ளே ஓடியிருந்தால், நீங்களாக நுழையாமல் பக்கத்திலுள்ள வனத்துறை செக்போஸ்ட்டில் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். யானையும் காட்டெருமையும் இருக்கும் இடத்தில் ஆர்வக்கோளாறில் இறங்கினால் தேடப் போனவரைத் தேட வேண்டியிருக்கும்.

இருட்டிவிட்டால்...

நாயைப் பிரிந்த இடத்தில் நீங்கள் உடுத்தியிருந்த, துவைக்காத துணி ஒன்றைப் போட்டுவையுங்கள். அது படுக்கும் விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் வெகுகாலமாகப் பின்பற்றும் முறை இது. வாசனையைப் பிடித்து வந்து அந்தத் துணி மேலேயே நாய் படுத்திருக்கும் வாய்ப்பு உண்டு. சாப்பாடு வைப்பதைத் தவிர்க்கலாம். தெருநாய்களும் காட்டுப்பன்றிகளும் கூடிவிட்டால் உங்கள் நாய் கிட்டவே வராது.

ஊர் அடங்கிய பிறகும், விடியும் முன்பும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பயந்து பதுங்கிய நாய்கள் ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நேரத்தில்தான் வெளியே வரும். டார்ச் அடித்தால் புதருக்குள் கண்கள் மின்னுவது தெரியும்.

சிறுத்தை நடமாடும் பகுதிகளில் மட்டும் இரவுத் தேடல் வேண்டாம். மகாராஷ்டிராவின் அகமதுநகர் மாவட்டத்தில் விவசாயப் பகுதி சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்தபோது, எடை அளவில் 39 சதவிகிதம் நாய்களாக இருந்தன. வால்பாறை, கோத்தகிரி பக்கம் சுற்றுலா போகிறவர்கள் இதை மனதில் வைத்து, பொழுது சாய்ந்தால் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்க்கவே கூடாது.

போஸ்டர் எப்படி இருக்கணும்?

முன்னாள் போலீஸ் மோப்பநாய்ப் பயிற்சியாளரான அமெரிக்கர் கேட் ஆல்பிரெக்ட், தொலைந்த செல்லப்பிராணிகளைத் தேடுவதையே ஒரு துறையாக வளர்த்தவர். போஸ்டருக்கு அவர் சொல்லும் கணக்கு '5+5+55'. ஐந்து வார்த்தை, ஐந்து விநாடி, மணிக்கு 55 மைல் வேகம். அதாவது, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரும் ஐந்து விநாடியில் படித்துவிட வேண்டும். 'காணவில்லை, பழுப்பு லாப்ரடார், சிவப்பு பெல்ட்' என்று பெரிய எழுத்தில் ஒரு படம், ஒரு போன் நம்பர். "எங்கள் குடும்பத்தின் கண்மணியான..." என்று தொடங்கும் உருக்கமான பத்தியை டூவீலரில் போகிறவர் நின்று படிக்க மாட்டார்.

வாட்ஸ்அப்பில் போடும்போது தேதி, தொலைந்த இடம், பிடிக்கச் சொல்லாமல் 'பார்த்தால் போன் செய்யவும்' என்ற வரி... மூன்றும் இருக்கட்டும். தேதி இல்லாத தகவல் நாய் கிடைத்து ஆறு மாதம் ஆன பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஊர் கால்நடை மருந்தகம், தனியார் பெட் கிளினிக், விலங்கு நல அமைப்புகள் எல்லாவற்றுக்கும் படத்தை அனுப்புங்கள். யாராவது தூக்கிப் போயிருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நாயின் உடலில் உள்ள ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். காதுக்குள் ஒரு மச்சம், பின்னங்காலில் ஒரு தழும்பு என ஏதாவது இருக்கும். "உங்க நாய் எங்ககிட்ட இருக்கு, பெட்ரோலுக்கு ரெண்டாயிரம் ஜிபே பண்ணுங்க, கொண்டு வர்றோம்" என்று போன் வந்தால் அந்த அடையாளத்தைக் கேளுங்கள். வீடியோ கால் வரச் சொல்லுங்கள். நாயை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

கிடைச்சாச்சு... அடுத்து?

முதல் விதி, திட்டாதீர்கள். அடிக்கவே அடிக்காதீர்கள். ஓடிப்போனதற்காகத் திட்டுவதாக நாம் நினைப்போம். நாயின் கணக்கில் அது, திரும்பி வந்ததற்குக் கிடைத்த திட்டு. அடுத்த முறை ஓடினால் வரவே யோசிக்கும்.

வெயிலில் ஓடி வந்திருந்தால் முதலில் நிழல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டுவது ஆபத்து. அளவுக்கு மீறி மூச்சிரைத்தல், தள்ளாட்டம், வாந்தி இருந்தால் உடம்பில் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள். முக்கியமாக பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் வெயிலைத் தாங்காது.

பாதத்தில் முள், விரல் இடுக்கில் உண்ணி, காதுக்குள் புல் விதை, உடம்பில் கடிக் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். கடிக் காயத்தை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் மறுபடி ஊசி தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள் ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்துத்தான் தெரியும். சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் வருவது போன்றவற்றைக் கவனித்தால், "காட்டுல ஒரு நாள் தொலைஞ்சிருந்துச்சு டாக்டர்" என்ற தகவலை மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு மரியாதை. தகவல் சொன்ன ஆட்டுக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் போன் போட்டு, "கிடைச்சிடுச்சுங்க, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிடுங்கள். ஒட்டிய போஸ்டர்களையும் கிழித்துவிடுங்கள். அடுத்து தொலைகிற நாய்க்கு அதே மனிதர்கள்தான் கண்ணாக இருக்கப் போகிறார்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன்...

பெல்ட்டில் போன் நம்பர்: ஐம்பது, நூறு ரூபாய் செலவில் முடியும் வேலை. உங்கள் நம்பரோடு வீட்டிலிருக்கும் இன்னொருவர் நம்பரையும் பொறியுங்கள். மலையில் உங்கள் போனுக்கு டவர் இல்லாதபோது அந்த இரண்டாவது நம்பர்தான் காப்பாற்றும்.

மைக்ரோசிப்: அரிசி அளவு சிப், 15 இலக்க எண். தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைக்கப்படும். இங்கிலாந்தில் 2016 முதல் நாய்களுக்கு இது கட்டாயம். சென்னை மாநகராட்சியும் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால், இது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. அதைப் படிக்கும் கருவி உள்ளவரிடம் நாய் போய்ச் சேர்ந்தால்தான் எண் தெரியும். போன் நம்பர் மாறினால் பதிவிலும் மாற்றுங்கள்.

ஜி.பி.எஸ் காலர்: இடத்தைக் காட்டும். ஆனால், பெரும்பாலானவை சிம் கார்டில் இயங்குபவை, டவர் இல்லாத பள்ளத்தாக்கில் பயன்படாது. ஏர்டேக் போன்றவை பக்கத்தில் யாரிடமாவது ஆப்பிள் போன் இருந்தால்தான் இடத்தைச் சொல்லும். ஆள் நடமாட்டமே இல்லாத கரட்டுமேட்டில் அதை நம்ப முடியாது.

10 மீட்டர் கயிறு: "ஓடட்டுமே" என்ற ஆசைக்கு நல்ல தீர்வு இதுதான். ஹார்னஸில் நீளமான கயிற்றைக் கட்டிவிட்டால் நாய்க்கும் சுதந்திரம், நமக்கும் நிம்மதி. கழுத்துப் பெல்ட்டில் கட்ட வேண்டாம், வேகமாக ஓடி நிற்கும்போது கழுத்து இழுபடும்.

'வா' பயிற்சி: ஒரே ஒரு சொல், அல்லது ஒரே மாதிரி விசில். அதைக் கேட்டு வந்தால் எப்போதும் நல்லதுதான் நடக்க வேண்டும். குளிப்பாட்டவோ, திட்டவோ அந்தச் சொல்லால் கூப்பிடக் கூடாது. வாக்கிங்கின் நடுவே பத்து முறை கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, மறுபடி ஓடவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால், 'வா' என்றால் விளையாட்டு முடிந்தது என்று நாய் கற்றுக்கொள்ளும். முதலில் வீட்டுக்குள், அப்புறம் மொட்டைமாடி, அப்புறம் மைதானம் எனப் பழக்கி, மயில் குறுக்கே வந்தாலும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்த பிறகுதான் வயல்வெளியில் கயிற்றைக் கழற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

இன்றைய தேதியில் ஒரு படம்: பக்கவாட்டிலிருந்து, முழு உடம்பும் தெரிய, மாட்டியிருக்கும் பெல்ட்டோடு ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் காரில் ஏறுங்கள். தேவைப்படாமல் போனால் சந்தோஷம். தேவைப்பட்டால், குட்டியாக இருந்தபோது எடுத்த க்யூட்டான படத்தைவிட அந்த ஒரு படம் நூறு மடங்கு உதவும்.